கசக்கிறதா என்று கேட்பவள்

முகமூடி மாட்டியவரின் தலைமேல் பெரிய பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் பீச்சுவது என் வேலை. முகமூடி முகத்தோடு ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் நாக்கு கசக்கும். கசப்பு நுழைகிற வழியில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் நுழையும். இதில் ஒரே வம்பு, கசந்ததா இல்லையா என்று அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் அவர்கள் சொல்லை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

குளிருக்காக எங்கள் ஊர் வீடுகளுக்கெல்லாம் குழாயில் வெந்நீர் அனுப்பிய பழைய நிலையத்தை இடிக்கிறார்கள். கடைசிக் கொதிகலனின் கதவைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கயிறு திணித்திருப்பது போன வாரம்தான் தெரிந்தது. கதவைக் கழற்றிக் கயிற்றை இன்றே எடுத்தாக வேண்டும். நாளை கிரேன் வருகிறது.

முதலில் எஸ்பென் வந்தான். நாற்பது வயது, இரண்டு பெண்களுக்கு அப்பா, வாய் மட்டும் அடங்காது.

"கசக்குதா எஸ்பென்?"

"உன் காபியை விடவா, பொடில்? ஒண்ணுமே தெரியல."

தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

அடுத்து தோர்கில் என் சோதனைக் கொட்டகைக்குள் வந்தார். பத்தொன்பது வருஷத் தாடியை வாசல் குழாயடியில் மழித்துவிட்டு வந்திருந்தார். காதிலிருந்து மோவாய் வரை தழும்பு. இதே கொதிகலனின் கதவு பிய்த்துக்கொண்டபோது நீராவி சுட்ட இடம். அன்று பக்கத்தில் நின்ற அவர் கூட்டாளி ஆக்செல் வீடு திரும்பவில்லை.

"தாடி இருந்தா முகமூடி ஒட்டாதுன்னு நீ உள்ள விடமாட்டியே" என்றார். "ஆக்செலைக் கொன்ன கதவு, பொடில். அதை நான்தான் கழட்டணும்."

கூட்டைக் கவிழ்த்தேன். அவர் எப்படியாவது தேற வேண்டும் என்ற ஆசையில் மருந்துக் குப்பியைப் பட்டும் படாமலும் அமுக்கினேன். வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

"எஸ்பெனுக்கு அமுக்கின மாதிரி அமுக்கு" என்றார் உள்ளிருந்து.

சரியாக அமுக்கினேன். தலையை இருபுறமும் திருப்பினார், குனிந்தார், நான் நீட்டிய தாளைச் சத்தமாகப் படித்தார். பேசப் பேசத் தழும்பு இழுத்துக்கொண்டது. பாதி வரியில் நிறுத்தினார்.

"கசக்குது."

"யோவ் தோர்கில், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்றான் வாசலில் நின்ற எஸ்பென். "யாருக்குத் தெரியப்போகுது?"

"கசக்குதுடா. அதுக்கு நான் என்ன பண்ண?"

வேறு இரண்டு அளவுகள் மாட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். தலையை முழுக்க மூடும் காற்றுக் கவசம் வந்து சேர பத்து நாளாகும், அதுவரை அந்தக் கதவு இருக்காது. அது அவருக்கும் தெரியும். முகமூடியைக் கழற்றித் துடைத்து மேஜையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"வேற ஆளை எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அவர் இடத்தில் நானாக இருந்தால் கசக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். இருபது வருஷமாக எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறேன், அவரைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை. பட்டியலில் அவர் பெயரை அடிக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்தேன். எஸ்பென் இன்னும் வாசலிலேயே நின்றான்.

"நீ என்ன மரம் மாதிரி நிக்கற? போய் உடுப்பை மாட்டு."

"எனக்கு இன்னொரு தடவை பாரேன், பொடில்."

"எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே."

அவன் தரையைப் பார்த்தான்.

"சும்மா சொன்னேன். கசந்துது."

அவன் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டுக் கூட்டைக் கையில் எடுத்தேன்.