ஜலாலுதீன் கையில் தின்ற கடல்பாசி

மூன்று நாளாகக் குட்டியைத் தூக்கித் தூக்கி ஜலாலுதீனுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. வில்லியனூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிற மனிதன். வண்டியும் பூட்டவில்லை, சோறும் இறங்கவில்லை. பன்னிரண்டு மாதம் வயிற்றில் கிடந்துவிட்டு வந்த குதிரைக்குட்டி நிற்க மாட்டேன் என்கிறது. முன்னங்கால் இரண்டும் மடங்கிக்கொள்கின்றன. தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அவன் குட்டியின் வயிற்றை ஏந்திப் பிடிக்க, மனைவி மெஹர் நிஷா தாயின் காம்பை அதன் வாயில் வைப்பாள். இரண்டு முறை சப்பும், தலை தொங்கிவிடும். ஒரு தடவை நின்றுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"சினையா இருந்தப்ப இன்னா தீனி போட்ட, பாய்?"

"கொள்ளு, புல்லு... அப்புறம் கடல்பாசி சார். மயிரு மினுமினுன்னு வரும்னாங்க. பிள்ளைச்சாவடியிலேருந்து மீன் விக்க வர்ற தையலம்மாகிட்ட சொல்லி வாரம் ஒரு கூடை வாங்கினேன். ஆறு மாசமா."

டாக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பாசியில அயோடின் இருக்குது. கொஞ்சம்னா நல்லது. இவ்ளோ போனா வயித்துல இருக்கற குட்டிக்குத் தைராய்டு சுரப்பி வீங்கிடும், வேலை செய்யாது. எலும்பு, காலு எதுவும் தேறாது. கஷ்டம்தான் பாய்."

ஜலாலுதீன் குட்டியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். சிட்டு, அதுதான் தாய்க்குதிரை, முதல் நாளே பாசியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாயும் வயிறுமா இருக்கறவ வேணாங்கறா, வுட்டுடுங்களேன்" என்று மெஹர் நிஷாவும் சொன்னாள். கேட்கிற ஆளா இவன்? அரைத்து, வெல்லம் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவன் கை என்பதற்காகத்தான் அது தின்றது.

மதியத்துக்குள் குட்டி அடங்கிவிட்டது. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தான். மெஹர் நிஷா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சிட்டு காலையிலிருந்து தொட்டிப் புல்லைத் தொடவேயில்லை.

"நான் வெச்சா திங்கல. நீங்க குடுங்க" என்றாள் அவள்.

அந்தக் கையை நீட்டவே அவனுக்குக் கூசியது. ஒரு பிடி புல்லை எடுத்து நீட்டினான். சிட்டு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே வாங்கித் தின்றது.