பனிக்காலத்தில் மட்டும் வேலை செய்த மாத்திரை

புதிய ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்கள் பனிக்காலத்தில் தலைசுற்றி அதிகம் விழவில்லை. கனடாவின் வினிபெக்கில் அது அதிசயம்தான். நவம்பர் பிறந்தால் நடைபாதையெல்லாம் பனி உறைந்து கண்ணாடி. இடுப்பெலும்பு முறிந்தவர்களால் ஆஸ்பத்திரி நிரம்பிவிடும்.

தோர்டிஸ் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாகாணத்து மருந்துக்கடைப் பதிவுகளும் ஆஸ்பத்திரிப் பதிவுகளும் பெயரில்லாமல், வெறும் எண்களாக அவளிடம் வரும். இரண்டையும் கோத்து, எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது அவள் உத்தியோகம். வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேண்டும். புதியதே மேல் என்று அது சொன்னால், பழைய மாத்திரையை அரசு நிறுத்திவிடும். பல்லாயிரம் முதியவர்கள் மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் கோடையில் இரண்டு மாத்திரைக்காரர்களும் ஒரே அளவில்தான் விழுந்திருந்தார்கள். பனி பெய்வது மாத்திரைக்கு எப்படித் தெரியும்?

"நல்லா வந்திருக்கு. அதைப் போய் ஏன் நோண்டுற?" என்றார் பிரிவுத் தலைவர் லோர்ன்.

"கோடையில ஏன் வேலை செய்யலை?"

"மாத்திரைக்கும் லீவு வேணாமா?"

அவர் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டுச் சிரித்தார். "எங்கம்மா. அமெரிக்காவுல, அரிசோனாவுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. அங்க இப்பவும் வெயில்தான். குளிர் முடியுற வரைக்கும் அங்கதான். மொத்த மாத்திரையையும் ஒரேயடியா வாங்கிட்டு, எந்தப் பெட்டியில வச்சோம்னு தேடிட்டிருக்காங்க."

தோர்டிஸ் சட்டென்று திரும்பினாள். "உங்கம்மா அங்க விழுந்தா?"

"அடிப்பாவி! வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"இல்ல... எந்த ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

"அங்கயே ஏதாவது..." லோர்ன் நிறுத்தினார். "நம்ம கோப்புல வராது."

அவள் மருந்துக்கடைப் பதிவுகளைத் திறந்தாள். புதிய மாத்திரைக்காரர்களில் பாதிப்பேர் அக்டோபரில் மொத்தமாக வாங்கியிருந்தார்கள். பிறகு ஏப்ரல் வரை ஒன்றுமில்லை. விலை கூடிய மாத்திரை அது. வாங்க முடிந்தவர்களுக்கு வெயிலைத் தேடிப் போகவும் முடிந்திருக்கிறது. பழைய மாத்திரைக்காரர்கள் ஜனவரியிலும் மாதாமாதம் கடைக்கு நடந்திருந்தார்கள், பனியில்.

குளிரிலும் ஊரிலேயே இருந்தவர்களை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டாள். வரைபடத்தில் இரண்டு மாத்திரைகளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

லோர்ன் திரையை எட்டிப் பார்த்தார். "போச்சு. அப்ப புதுசு மோசம்னு எழுதணுமா?"

"அப்படியும் தெரியலை. பழசை நிறுத்தக் காரணம் கிடைக்கலைன்னு எழுதலாம்."

"வெள்ளிக்கிழமை அரசாங்கத்துக்காரங்ககிட்ட நீயே சொல்லு."

நாலு பேர் முன் பேசுவதென்றால் அவளுக்குக் கூச்சம். ஆனாலும் தலையசைத்தாள்.

புதியதே மேல் என்றிருந்த அறிக்கையின் முதல் வரியை லோர்ன் அழித்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"அம்மா, மாத்திரை கிடைச்சுதா? டப்பா மேல என்ன பேர் போட்டிருக்கு? படிங்க."

புதியதா பழையதா என்று கேட்க, தோர்டிஸ் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.