புதினாவும் சதகுப்பையும்

பிளஸ் டூ வரை வேதியியலில் கயல்விழி தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சிதம்பரத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். மூன்றாம் செமஸ்டரில் கரிம வேதியியல் அவளைக் கவிழ்த்துவிட்டது. முதல் இன்டர்னலில் ஐம்பதுக்குப் பதினொன்று.

ஒரே அணுக்கள், ஒரே வரிசை. ஆனாலும் ஒரு மூலக்கூறும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் வேறு வேறு பொருள் என்றது பாடம். தாளில் இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. படங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கேள்வித்தாளில் படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

"உடு கயலு, பாஸ் ஆனா போதும். இந்தப் பேப்பர்ல யாருதான் மார்க் எடுத்தா?" என்றாள் கூடப் படிக்கும் சுவேதா, திருப்பாதிரிப்புலியூருக்குத் திரும்பும் ரயிலில். கயல்விழி விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

அவள் அம்மா பவானிக்கு நாட்டு மருந்துக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை துணைக்குப் போயிருந்த கயல்விழி, கூட்டம் ஓய்ந்ததும் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கார்வோன் என்ற பொருளின் ஒரு வடிவம் புதினாவில் மணக்கிறது. அதன் கண்ணாடி வடிவம் சதகுப்பை விதையில்.

நிமிர்ந்து பார்த்தாள். சதகுப்பை டப்பா எதிரிலேயே இருந்தது. துவையலுக்கு அம்மா வாங்கிய புதினாக் கட்டு பையில் இருந்தது. இலையை ஒரு கையிலும் விதையை மறு கையிலும் கசக்கி மாறி மாறி முகர்ந்தாள். மேலெல்லாம் சிலிர்த்தது.

"என்னாடி, அதையே மோந்து பாத்துனு இருக்க?"

"யம்மா, இது ரெண்டுலயும் இருக்கிறது ஒண்ணுதாம்மா. வலது கை, இடது கை மாதிரி."

"போடி, வாசனையே வேற."

"அதாம்மா! ஒன் மூக்குக்குத் தெரியுது பாரு. எனக்குத்தான் இத்தினி நாளு தெரியல."

பவானி மகளின் இரண்டு கைகளையும் இழுத்து முகர்ந்து பார்த்தாள். "நெசமாவா சொல்ற?" என்றாள் மெதுவாக.

வீட்டுக்குப் போனதும் ஊறிய கொண்டைக்கடலையை நடு அணுவாக வைத்து அதில் நான்கு ஈர்க்குச்சிகளைச் செருகி, நுனிகளில் மற்ற அணுக்களாகப் பட்டாணி, மொச்சை, வேர்க்கடலை, திராட்சை குத்தினாள். பக்கத்திலேயே இன்னொரு கடலையில் அதன் கண்ணாடி வடிவம். எப்படித் திருப்பினாலும், கவிழ்த்தாலும் ஒன்று மற்றொன்றின் மேல் பொருந்தவில்லை. அணுக்களில் வித்தியாசமே இல்லை, நிற்கும் பக்கம்தான் வேறு. அதற்கே மணம் மாறிவிடுகிறதே என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒரு படத்தையும் அவள் மனப்பாடம் செய்யவில்லை. பாடத்திலிருந்த ஒவ்வொரு மூலக்கூறையும் கட்டிப் பார்த்தாள். பிறகு கடலையே தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் மூலக்கூறு உள்ளே சுழன்றது. இரண்டாவது இன்டர்னலில் நாற்பத்தாறு. ஆசிரியை இளவரசி விடைத்தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, "நீதானாம்மா இது?" என்று கேட்டார்.

செமஸ்டர் தேர்வு முடிவு வந்த காலை கயல்விழியும் சுவேதாவும் கல்லூரிக்குப் போகும் ரயிலில் இருந்தார்கள். செல்போனைப் பார்த்து சுவேதா கத்தினாள்: "ஆர்கானிக்ல ஒனக்கு ஏ பிளஸ்டி!"

கயல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. நேற்றுதான் அடுத்த பாடத்தில் படித்திருந்தாள்: உயிர்களின் புரதங்கள் கட்டப்படுவது இடது கை வடிவ அமினோ அமிலங்களால். கீழே துள்ளும் மீனும், கரையோரப் புல்லும், பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும் சுவேதாவும், தானும் எல்லாம் ஒரே கைப்பக்கம். ஏன் அப்படி ஆனது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.