கூறு போட்டவளின் பங்கு

வெள்ளிமலையில் போனுக்கு நாலு கோடு சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த நாளிலும் ஐந்து நாட்டுக்காரர்கள் அதற்குள் சண்டை போட்டால் ராதிகாவுக்கு எரிச்சல் வராதா?

அவள் சட்டக் கல்லூரி மாணவி. ஐந்து நாட்டு மாணவர்கள் ஒரு கற்பனை ஆற்றுக்குச் சட்டம் எழுதும் போட்டி. ஆளுக்கொரு கரை. தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று இன்று மதியத்துக்குள் முடிவாகாவிட்டால் ஆறு மாத உழைப்பும் வீண். யார் எழுதினாலும் எழுதியவர் கரைக்கே ஒரு குடம் கூடுதலாகப் பாய்ந்தது. ராதிகா எழுதியதிலும்தான், ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"போனையே பாத்துக்கினு இருக்கியே, வந்து கூறு போடும்மா!" மாமா சின்னதுரை கூப்பிட்டார்.

காணும் பொங்கலுக்கு எட்டு வீட்டார் சேர்ந்து எடுத்த ஆடு. போனை மாமாவின் ஜீப்பின் மேல் சாய்த்துவிட்டுத் தேக்கிலைகளில் கறியைப் பிரித்தாள். ஒரு ஈரல் துண்டை மட்டும் ஐந்து தடவை இடம் மாற்றினாள். ஏழு வீட்டாரும் எடுத்த பிறகு மிஞ்சியதை எடுத்துக்கொண்டாள்.

போனில் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த கென்யாக்காரி அகினிக்குக் கோபம். "உன்னை ஏமாற்றிவிட்டார்களா?"

"அட, கூறு போட்டவள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஈரலோடு நான் ஏன் அவ்வளவு பாடுபடப்போகிறேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"இதையே சட்டமாக எழுதிவிடலாமே!" என்று துள்ளினான் பிரேசிலின் லூயிஸ். பங்கு பிரிக்கும் நாடு கடைசியில் எடுக்கட்டும். ஐவருக்கும் சம்மதம். சரி, பிரிப்பது யார்? நேற்றுவரை பேனாவுக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது கூரையைப் பார்த்தார்கள்.

கடைசிப் பங்கு என்றால் தோற்றதாகக் கல்லூரியில் சிரிப்பார்களே! இருந்தாலும், "நான் பிரிக்கிறேன்" என்று ராதிகா சொல்லிவிட்டாள். தன் பழைய வரைவை அழித்துவிட்டு, கோடைத் தண்ணீர், வெள்ளத் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் அங்கும் இங்கும் நகர்த்தினாள். வியர்த்துக் கொட்டியது. மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐந்து பங்குகளையும் அனுப்பினாள்.

லூயிஸ் மேலும் கீழும் பார்த்தான், சிரித்தான், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டான். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள்.

"மாமா! சட்டம் பாசாயிடுச்சி!"

"உனுக்கு இன்னா கெடச்சிது?"

"கடைசிதான் மாமா!" என்று கத்திக்கொண்டே ராதிகா ஜீப்பைச் சுற்றி ஆடினாள்.