அணைக்கக் கூடாத ஆம்ப்ளிஃபயர்

அந்தக் குளிர்காலத்தில் பின்லாந்து முழுக்க மின்கட்டணம் தாறுமாறாக ஏறியது. குவோப்பியோ நகரில் ரெய்யோ தன் வீட்டில் முதலில் நிறுத்தியது சனிக்கிழமை சவுனாவைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனும் இர்மெலியும் தவறவிடாத நீராவிக் குளியல் அது. அவள் எழுந்து போன அறையிலெல்லாம் அவன் பின்னாலேயே வந்து விளக்கை அணைத்தபோதும், ரொட்டி சுடுவதைக் குறைக்கச் சொன்னபோதும் பேசாமல்தான் இருந்தாள்.

ஆனால் அவனுடைய பாட்டு அறையில் இருந்த கனத்த ஆம்ப்ளிஃபயர் மட்டும் இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் பாட்டுக் கேட்பதென்னவோ சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அதை அணைக்கக் கூடாது. ஆறிப்போனால் மறுபடி ஒலி கனிய ஒரு முழு நாள் ஆகுமாம். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று கண்டுகொண்ட பூனை அதன் மேலேயே குடியிருந்தது.

நகர நூலகத்தில் மின்சாரம் அளக்கும் கருவியையும் இரவல் தருவார்கள். இர்மெலி அதை வாங்கி வந்து, ரெய்யோ வேலைக்குப் போன பிறகு அலமாரிக்குப் பின்னால் மாட்டினாள். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கி அதில் செருகினாள். மறுநாள் எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே நாளில் ஆம்ப்ளிஃபயர் தின்ற மின்சாரத்தில் சவுனாவை ஒருமுறை சூடாக்கியிருக்கலாம்.

காட்டினால் கருவி தப்பு என்பான். அதனால் அவன் கார் கிளம்பியதும் அணைப்பதும், அவன் திரும்புவதற்குச் சற்று முன் போடுவதுமாக இருந்தாள்.

"பூனை ஏன் இப்பல்லாம் இதுமேல படுக்கிறதில்ல?" என்று ஒருநாள் கேட்டான்.

"உன் பாட்டு அதுக்கும் சலிச்சுப்போச்சோ என்னவோ."

சில வாரங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் பனியில் அவள் வந்த பஸ் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்தபோது பாட்டு அறை வாசலில் ரெய்யோ நின்றிருந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"யார் அணைச்சது?"

மின்சாரம் போயிருக்கும் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"நான்தான். தினமும் நான்தான் அணைக்கிறேன்."

"தினமுமா?"

"இவ்வளவு நல்லா எப்பவும் கேட்டதில்லைன்னு நேத்து சொன்னியே. அப்ப நான் அதைப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகலை."

அவன் முகம் காது வரை சிவந்தது. "என்னை முட்டாளாக்கிட்டே."

"நேரா சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?" கருவி காட்டிய கணக்கைச் சொன்னாள். "என் சவுனாவை நிறுத்தினே. இது தினமும் ஒரு சவுனா குளிச்சிட்டு இருந்துச்சு, ரெய்யோ."

அவன் வெளியே போனான். பனி அள்ளும் சத்தம் கேட்டது. தங்கள் வாசலை முடித்துவிட்டு அண்டை வீட்டு வாசலையும் சுரண்டத் தொடங்கினான். இவ்வளவு நேரம் அவன் கோபத்தை அடக்கி அவள் பார்த்ததில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மேல்கோட்டைக் கழற்றத் தோன்றாமல் சமையலறையில் நின்றாள்.

உள்ளே வந்தபோது அவன் புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. அவளைப் பார்க்காமலேயே தாண்டிப் போய்ச் சவுனா அடுப்பின் குமிழைத் திருகினான்.

சவுனா சூடானதும் இருவரும் உள்ளே மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் அடுப்பின் சுடுகற்கள்மேல் தண்ணீர் ஊற்றினான்.

"இனிமே எனக்குத் தெரியாம எதுவும் செய்யாதே."

"என்னைக் கேக்காம நீயும் எதையும் நிறுத்தாதே."

இன்னொரு அகப்பை தண்ணீர் ஊற்றினான். ஆவி இருவர் முகத்தையும் மறைத்தது. "சரி" என்றான்.

மறுநாள் முதல் பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் அவனே ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வித்தியாசம் தெரிகிறதா என்று அவள் கேட்கவில்லை.