டாக்டருடைய நாத்தனார்

வருடாந்திர முன்னேற்ற அறிக்கையை எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதை அரசாங்கத்தின் போர்ட்டலுக்குள் ஏற்றுவதில்தான் உயிர் போகும். குறுகலான படிக்கட்டில் கட்டிலை மாடிக்கு ஏற்றுவது மாதிரி, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கால் இடிக்கும். மூன்று வருடமாக அந்தக் கட்டிலை ஒற்றை ஆளாக ஏற்றிக்கொண்டிருப்பவள் நான். அறிக்கையின் அடியில் இருக்கிற பெயர் டாக்டருடையது.

எங்கள் ஆராய்ச்சி சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றியது. நர்ஸ் நோயாளியின் வீட்டுக்கே போய்க் கட்டுப் போட்டால் புண் சீக்கிரம் ஆறுகிறதா, விரலையோ காலையோ எடுக்காமல் காப்பாற்ற முடிகிறதா என்று பார்க்கிறோம். மொத்தம் தொண்ணூற்றாறு பேர். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பழைய எக்ஸ்ரே அறையை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரே அறை என்பதால் ஜன்னல் கிடையாது. உள்ளே டாக்டர், நான், ஒரு பீரோ, ஒரு பிரிண்டர். வீடு வீடாகப் போகிற சிஸ்டர் காலையில் ஸ்கூட்டரில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குள் அறிக்கை ஏற வேண்டும். ஏறாவிட்டால் புராஜெக்ட் மூடப்பட்டதாகக் கணக்கு. திங்கட்கிழமையிலிருந்து சிஸ்டர் யார் வீட்டுக்கும் போக முடியாது. இன்னும் பதினெட்டுப் பேருக்குப் புண் ஆறிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் விடாமல் கட்டுப் போட்டால் மனிதர் தன் காலில் நடப்பார். விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி முடித்து, கை விரலைச் சொடக்கிவிட்டு, 'சமர்ப்பி' என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. 'முதன்மை ஆய்வாளர் காணொளியில் தோன்றித் தம் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடையளிக்கவும். உங்கள் நேரம்: 4.15.'

இது என்ன புதுக் கூத்து என்று மெயிலைத் தோண்டினேன். போன வாரமே சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினெட்டுப் பக்கம். நான் நாலாம் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன். பதினோராம் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது இந்த விதி. அதற்குக் கீழேயே இன்னொன்று: ஆய்வாளரின் கணக்கை வேறொருவர் இயக்கியது தெரியவந்தால் கணக்கு முடக்கப்படும், அந்த நபர் பணியிலிருந்து நீக்கப்படுவார்.

அந்த நபர் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் போர்ட்டலில் கணக்குத் தொடங்கச் சொன்னபோது டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீயே பார்த்துப் போட்டுக்கோம்மா" என்றார். போட்டேன். போன் நம்பர் என்னுடையது. பாதுகாப்புக் கேள்விகளுக்கு டாக்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் பதில்களையே போட்டேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பதில்களை ஒரு சீட்டில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்தேன்.

டாக்டரை உட்காரவைத்துச் சீட்டைக் கையில் கொடுத்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி, உயரம், பெரிய மீசை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்றைக்குப் பார்த்து அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

"சின்ன வயசுல வீட்ல உங்களை என்ன செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?"

டாக்டர் படித்தார். "பூசணியா?"

"கேள்வி கேக்கற மாதிரி சொல்லாதீங்க சார். பெருமையா சொல்லுங்க."

"பூசணி."

"உங்க வாழ்க்கைத் துணையை முதல்ல எங்க பாத்தீங்க?"

"பல் டாக்டர் கிளினிக்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்கயா பாத்தே? பாவம்மா."

"எனக்குக் கன்னம் வீங்கியிருந்துச்சு, அவருக்குக் கடைவாய்ப் பல்லு. அதெல்லாம் இப்ப எதுக்கு? மூணாவது சொல்லுங்க."

மூன்றாவது, நாமே எழுதிக்கொள்கிற கேள்வி. கணக்குத் தொடங்கிய அன்று காலையில்தான் என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா வந்து, என் சமையலறை டப்பாக்களை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டுப் போயிருந்தார். உப்பைத் தேடி அரை மணி நேரம் அலைந்துவிட்டு ஆபீசுக்கு வந்திருந்தேன். அந்த ஆத்திரத்தில், 'உங்கள் நிம்மதியைக் கெடுப்பவர் யார்?' என்று கேள்வியைப் போட்டேன். பதிலைப் பார்த்து டாக்டர் அரண்டுபோனார்.

"மூத்த நாத்தனாரா? ஏம்மா, ஆம்பளைக்கு எப்படிம்மா நாத்தனார் இருப்பாங்க?"

"இருக்கட்டும் சார். உங்களுக்கு மட்டும் இருக்காங்க. வாயைத் திறந்து சொல்லிட்டு உடனே மூடிடுங்க. விளக்கம் மட்டும் கொடுக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

நாலேகாலுக்குத் திரையில் ஓர் அம்மாள் வந்தார். போர்ட்டல் அலுவலகத்து அதிகாரி. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அன்றைக்கு அறுபதாவது டாக்டரைப் பார்க்கிற சலிப்போடு இருந்தார். நான் கேமராவுக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"செல்லப் பேர் சொல்லுங்க டாக்டர்."

"பூசணி" என்றார் டாக்டர், எலும்பு முறிவை அறிவிக்கிற குரலில்.

அதிகாரி அவருடைய கழுத்தெலும்பையும் மீசையையும் ஒருமுறை பார்த்தார். "சரி. மனைவியை முதல்ல பாத்த இடம்?"

"பல் டாக்டர் கிளினிக். கன்னம் வீங்கியிருந்தது."

கேட்காத கன்னத்தை ஏன் இழுக்கிறார் இந்த மனிதர் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சரி. கடைசி. உங்க நிம்மதியைக் கெடுக்கறவங்க யாரு?"

"மூத்த நாத்தனார்."

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "யாருக்கு நாத்தனார்?"

வாயை மூடச் சொன்னேனா இல்லையா? மூடினாரா? "என்... என் மனைவியோட நாத்தனார்" என்றார்.

"மனைவியோட நாத்தனார்னா உங்க கூடப் பிறந்த அக்காதானே?"

"எங்கக்காவா!" டாக்டர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "எங்கக்கா தங்கம் மேடம்! என்னைப் படிக்க வெச்சவங்க! அவங்களைப் பத்தி இப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்?"

"நீங்கதான் டாக்டர் எழுதியிருக்கீங்க."

"நானா? நான் எழுதுவேனா?" என்று கேட்டுவிட்டு, பாவி மனிதர், நேராகப் பீரோவைப் பார்த்தார்.

இனி ஒளிந்து என்ன பயன்? வேலை போனால் போகட்டும். அந்தக் கண்டக்டரின் கால் மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. கேமராவுக்கு எதிரே போய் நின்றேன்.

"பூசணி நான்தான் மேடம். நாத்தனாரும் எனக்குத்தான். சாருக்கு ஒண்ணும் தெரியாது. கணக்கைத் தொடங்கினது, மூணு வருஷமா அறிக்கை போட்டது எல்லாம் நான். என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. ஆனா புராஜெக்டை மூடிடாதீங்க. திங்கக்கிழமை சிஸ்டர் கட்டுப் போடப் போகணும்."

அதிகாரி எங்கள் அறிக்கையைத் தன் பக்கத்தில் திறப்பது தெரிந்தது. பிறகு கேட்டார். "எத்தனை பேருக்கு ஆறியிருக்கு?"

"எழுபத்தோரு பேருக்கு. பதினெட்டுப் பேருக்கு ஆறிக்கிட்டிருக்கு. மூணு பேருக்கு விரல் எடுக்க வேண்டியதாப் போச்சு."

"பாக்கி நாலு?"

"வீடு மாறிட்டாங்க. ரெண்டு பேர் மக வீட்டுக்கு. ஒருத்தர் மருமகளோட சண்டை போட்டுக்கிட்டுத் தம்பி வீட்டுக்கு. இன்னொருத்தர் எங்க போனார்னு தெரியல மேடம். மாசாமாசம் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறார்."

எதையும் பார்த்துப் படிக்காமல் சொன்னேன். அதிகாரி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சுற்றறிக்கையில பதினாறாம் பக்கம் படிச்சீங்களா?"

"நாலாம் பக்கத்துக்கு மேல படிக்கல மேடம்."

"யாருமே படிக்கறதில்லை. எழுதினவ நான், எனக்குத்தான் தெரியும். ஆய்வாளர் விரும்பினா, அறிக்கை போடறதுக்குன்னு ஒருத்தரை முறைப்படி நியமிக்கலாம். நடந்ததுக்கு ரெண்டு பேரும் பத்து நாள்ல விளக்கக் கடிதம் கொடுக்கணும், அதை மேல என்ன செய்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. ஆனா நியமனம் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆச்சுன்னா அறிக்கையை ஏத்துக்கறேன். டாக்டரே தன் கையால டைப் பண்ணணும். நீங்க கீபோர்டு பக்கம் வரக்கூடாது. திரையை நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

மணி நாலு முப்பத்தெட்டு. டாக்டர் ஒரு விரலால் டைப் அடிப்பவர். கத்தியைப் பிடித்தால் மின்னல். கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, அதுதானா என்று உறுதிசெய்து, பிறகு அழுத்துவார். என் பெயருக்கே நாலு நிமிடம் ஆயிற்று. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பீரோவில் சாய்ந்து நின்றேன். கட்டாமல் விட்டிருந்தால் நானே போய்த் தட்டியிருப்பேன்.

அடுத்த பெட்டி, 'இவர் இந்த ஆய்வில் செய்யும் பணி'. டாக்டர் ஒரு சொல் அடித்துவிட்டுக் கையை எடுத்தார். அதிகாரி அதை வாசித்தார். "எல்லாம்."

"போதாதா மேடம்?"

"நூத்தம்பது எழுத்து வேணும் டாக்டர். இன்னும் நூத்து நாப்பத்தாறு காட்டுது."

அந்த நேரத்தில் சிஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "திங்கக்கிழமை லிஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் மருந்துப் பெட்டியோடு சுவரோரம் நின்றுவிட்டார்.

டாக்டர் மீசையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினார். நடுவில் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. அதிகாரி தன் பக்கத்தில் வரவர ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"நோயாளிகளை போனில் திட்டுவார். இவர் திட்டினால்தான் செருப்புப் போட்டு நடக்கிறார்கள்."

சிஸ்டர் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தார். நான் முறைத்தேன். மணி நாலு ஐம்பது.

"விரல் போன மூன்று பேர் வீட்டுக்கும் இவரே போய்ச் சொன்னார்." அதிகாரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் போகவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை."

அறையில் பிரிண்டர் மட்டும் எதற்கோ முனகியது. அந்த மூன்று வீட்டுக்கும் நான் போனது இவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. சிஸ்டரைப் பார்க்காமல் பீரோவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் முப்பத்து மூணு எழுத்து டாக்டர். மணி நாலு அம்பத்தி நாலு."

டக், டக் என்று ஒற்றை விரல் சத்தம். வெகு நேரம் கேட்டது. கடைசியில் அதிகாரி வாசித்தார்.

"என்னையும் மனதுக்குள் திட்டுவார். அது எனக்குக் கேட்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழுத்து போதும்" என்றார்.

டாக்டர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மேலும் கீழும் தேடினார். பிறகு விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் பச்சை பட்டனா?"

மணி நாலு ஐம்பத்தெட்டு.

"ஆமா சார், அதேதான்! பாத்துக்கிட்டே உக்காந்திருக்காம அதை அமுக்கித் தொலைங்க சார்!" என்று கத்தினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே, மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு.

டாக்டர் சந்தோஷமாக அமுக்கினார்.