மாடிக்கு மேலே வந்த போர் விமானம்

என் அப்பா காலிப் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். பெண்கள் நாங்கள் நால்வருக்குப் பிறகு தம்பி சனத் பிறந்தபோது அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முகாமிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசினார்.

"நாளைக்குக் காலைல பயிற்சி. நம்ம ஊரு மாதபா பக்கமாத்தான் வரேன். பிள்ளையத் தூக்கிட்டு மாடிக்கு வா."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். ஆனாலும் மறுநாள் பிள்ளையோடு மாடியில் நின்றாள்.

அங்கே அகலமான துணி விரித்து, குளிர்காலத்துக்காகத் தயிர்க்கட்டிகளைக் காயப்போட்டிருந்தோம். ஜமீத் என்போம். காய்ந்துவிட்டால் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா வந்தார். காது அடைத்துப்போனது. விமானம் கிளப்பிய காற்றில் துணி பாய்மரம் போல எழும்பி, அத்தனை ஜமீத்தையும் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டியது.

அங்கே அபூ தாமிர், தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கெண்டி உடைந்தது. மாப்பிள்ளையின் மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உம்மு சனத்! உன் புருஷன் எங்க மேல குண்டு போட்டுட்டான்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார் அபூ தாமிர். உம்மு சனத் என்றால் சனத்தின் அம்மா.

புகார் முகாமுக்குப் போனது. ஒரு மாதம் விமானத்தைத் தொடக் கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று தளபதி உத்தரவிட்டார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்.

காலையில் எங்களை வாசலில் வரிசையாக நிறுத்துவார்.

"பை?"

"சரி!"

"பென்சில்?"

"சரி!"

"ரொட்டி?"

ஒருத்தி தடுமாறினாலும் முதலிலிருந்து தொடங்குவார். தினமும் பள்ளிக்குத் தாமதம். அடுக்களை டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றி வைத்தார். அன்று விருந்தாளிகள் உப்புத் தேநீர் குடித்தார்கள். அம்மா சோறு வடித்தால் பின்னாலேயே நின்று, "அடுப்பக் குறை. இன்னும் குறை. இப்போ இறக்கு" என்பார்.

பத்து நாள் பொறுத்த அம்மா நேரே தளபதியிடம் போனாள்.

"ஐயா, தப்புப் பண்ணினது அவரு. தண்டனை எனக்கு ஏன்?"

தளபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அபூ தாமிர் மன்னிச்சா பாக்கலாம்மா" என்றார்.

அன்று மாலையே அப்பாவை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். காபி வந்தது. கேட்டது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அப்பா கோப்பையைத் தொடாமல் தரையில் வைத்தார்.

"குடிப்பா, ஆறிடும்."

"நீங்க மன்னிக்கணும், அபூ தாமிர்."

"மன்னிக்கிறேன். ஆனா கல்யாணத்தன்னிக்கு இன்னொரு தடவ மேல வரணும். மாப்பிள்ள வீட்டுல எல்லாருக்கும் உன்னப் பத்தித்தான் பேச்சு. மண்டை வீங்கின மாமாதான் அதிகமாப் பீத்திக்கிறாராம்!"

"அண்ணே, என்னைய வேலைய விட்டே தூக்கிடுவாங்க!"

கடைசியில் கல்யாணத்துக்குச் சீருடையில் வந்து, எல்லாரும் கைகோத்து ஆடும் தப்கே ஆடுவதென்று முடிவானது. ஆடினார். வானத்தில் அத்தனை லாவகமாகத் திரும்பியவர், தரையில் தாளம் தவறி மாப்பிள்ளையின் காலை இரண்டு முறை மிதித்தார்.

போன பிப்ரவரியில் அப்பா இறந்தார். துக்க வீட்டில், தடியை ஊன்றிக்கொண்டு வந்த அபூ தாமிர் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், சர்க்கரையில்லாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பெண்கள் அறையில் யாரோ முகம் சுளித்தார்கள்.

"சிரிக்கட்டும், விடு" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த வேகத்துல பிள்ள முகம் எப்படித் தெரியும்? அப்பவே கேட்டேன். தெரியலன்னாரு. 'உன் தலத்துணி சிவப்பாத் தெரிஞ்சுது. போதும்னு திரும்பிட்டேன்'னாரு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.